சிவப்பு லீவரைத் தள்ளினால் நிற்கும் வண்டி

மலாக்காவுக்கு வரச்சொல்லி மச்சான் எழுதிய கடிதத்தில் குடும்பத்தைப் பற்றி நான்கு வரிகள் இருந்தன. மீதி இரண்டு பக்கமும் ஒரு வண்டியைப் பற்றி. ராணுவம் ஏலத்தில் விட்டதாம். நான்கு சக்கரமும் இழுக்குமாம். தார் ரோட்டில் குதிரை மாதிரி ஓடுகிறது, சேற்றில் இறங்கிச் சிவப்பு லீவரைத் தள்ளினால் மட்டும் நின்றுவிடுகிறது, இங்கே மூன்று பேர் பார்த்தும் பிடிபடவில்லை, நீ வந்தால் அக்காவையும் பார்த்த மாதிரி இருக்கும் என்று முடித்திருந்தார்.

அக்கா சரசு கல்யாணமாகிக் கடல் கடந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. அவளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு எப்போதும் உண்டு. ஆனாலும் என்னைக் கிளப்பியது அந்தச் சிவப்பு லீவர்தான் என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது. பொள்ளாச்சியில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறி இறங்கும் ஜீப்புகளின் வயரிங், டைனமோ, செல்ஃப் மோட்டார் எல்லாம் என்னிடம்தான் வரும். சரியாகாமல் திரும்பிப் போன வண்டி என்று ஒன்று கிடையாது. அம்மா கொள்ளும் கம்பு மாவும் கட்டிக் கொடுத்தாள். நான் என் பங்குக்கு இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஒரு குறடு, ஒரு பல்பில் இரண்டு வயர் கோத்த டெஸ்ட் லாம்பு ஆகியவற்றை வேட்டிக்குள் சுற்றி எடுத்துக்கொண்டேன். கப்பலில் எல்லோரும் படுகிற பாட்டை நானும் பட்டேன். அதை விடுங்கள்.

மலாக்காவில் அக்கா இருந்த காஜா பேராங்கில் இறங்கியதும் முதல் ஆச்சரியம். ஒரு வீட்டு நிலையில் மாவிலைத் தோரணம். வாசலில் நெற்றியில் விபூதியும் பொட்டுமாக ஒரு பெண். நம் ஊர்ப் பெண் என்றே நினைத்து, "ஏனுங்க, கோவிந்தராசு வீடு எதுங்க?" என்று மச்சான் பேரைச் சொல்லிக் கேட்டேன். அவள் கட்டியிருந்தது சேலை அல்ல, கைலியும் இடுப்பளவு சட்டையும் என்பதை அப்புறம்தான் கவனித்தேன். மலாயில் ஏதோ சொல்லி, பக்கத்து வீட்டைக் கைகாட்டிச் சிரித்தாள்.

"அவ பேரு தெய்வானை," என்றாள் அக்கா, என்னைக் கண்டு அழுது முடித்த பிறகு. "மலாக்கா செட்டிங்க. எத்தனையோ தலைமுறையா இங்கதான். தமிழ் வராது. ஆனா அவங்க வீட்டுலயும் மாமான்னா மாமாதான், மாமின்னா மாமிதான். நாள் கெழமை வந்தா நம்மளவிடச் சுத்தமாப் படையல் போடுவாங்க."

அக்காவின் பேச்சும் மாறித்தான் போயிருந்தது. காலைச் சாப்பாட்டுக்கு நாங்கள் சொல்லாத வார்த்தையெல்லாம் சொன்னாள். "பசியாறிட்டியா?" என்று அவள் கேட்டபோது ஒரு கணம் விழித்தேன். பசியாறியது வாழையிலையில் மடித்த தேங்காய்ப்பால் சோறு. அதன் மேல் ஒரு சிவந்த துவையல். முதல் வாயில் கருவாட்டு மணம் மூக்கில் ஏறியது. மூன்றாம் வாயில் இன்னொரு பொட்டலம் கேட்டேன்.

வண்டி வீட்டோரம் தென்னைகளுக்கு நடுவில் நின்றது. பச்சைப் பெயின்ட்டை யாரோ பிரஷ்ஷால் அடித்திருந்தார்கள். ஜீப்பின் ஜாடை இருந்தது, ஆனால் நான் பழகிய அமெரிக்க ஜீப் அல்ல. இங்கிலாந்தில் செய்த விலாயத்து வண்டி. மச்சான் குட்டையான, அகலமான மனிதர். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். வாடகைக்கு ஒரு காரும் இந்த வண்டியும் வைத்திருந்தார். கழுவி, பொட்டு வைத்து, எனக்காகவே நிறுத்தியிருந்தார்.

"பாரு மாப்ளே," என்று ஏறி உட்கார்ந்து செல்ஃப் பொத்தானை அமுக்கினார். மோட்டார் முனகியது. சோக்கை இழுக்கப் போனவர் ஒரு துணியைக் குமிழில் சுற்றிக்கொண்டார்.

"துணி எதுக்குங்க மச்சான்?"

"சுடும். இந்த வண்டிக்கு அப்படி ஒரு குணம். பழகிருச்சி."

எனக்குச் சிரிப்பு வந்தது. சோக்கு ஏன் சுட வேண்டும்? எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் அவ்வளவு கரண்ட்டும் பாட்டரிக்குத் திரும்பிப் போக எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு தடித்த செம்புப் பட்டை இருக்க வேண்டும். குனிந்து பார்த்தேன், பட்டை இருந்த இடத்தில் ஒரு துருப்பிடித்த போல்ட் மட்டும். வழி இல்லாத கரண்ட் சோக்கின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்திருக்கிறது. பழைய பாட்டரிக் கேபிள் ஒன்றை வெட்டி, இரண்டு முனையிலும் காது வைத்து, துருவைச் சுரண்டிவிட்டு முடுக்கினேன். அரை மணி நேர வேலை. பொத்தானைத் தொட்டதும் எஞ்சின் குதித்துக்கொண்டு கிளம்பியது.

மச்சான் வெறுங்கையால் சோக்கைப் பிடித்துப் பார்த்தார். பிறகு தெருவில் இறங்கிப் போய் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம்தான் விஷயத்தின் கனம் எனக்குத் தெரிந்தது. தெய்வானை குமாஸ்தா வேலை பார்ப்பவள். பிரஜாவுரிமை மனுக்களை எழுதி வாங்குவது அவள் பொறுப்பு. அலுவலகத்திலிருந்து வந்தவள் அக்காவுடன் பேசிக்கொண்டிருந்தாள். மச்சான் எனக்கு விளக்கினார்.

"சுதந்திரம் கெடச்சு வருஷம் முடியப் போவுது மாப்ளே. அதுக்குள்ள மனுப் போட்டா, இங்கயே பொறந்தவங்களுக்கு மலாய்ப் பரீட்சை இல்ல. அப்பறம் போனா அதிகாரி முன்னாடி நின்னு பேசிக் காட்டணும். ரப்பர்த் தோட்டத்து ஆளுங்க அதுக்கே பயந்து வர மாட்டாங்க. இவ ஒவ்வொரு தோட்டமா போறா. ஒண்ணுதான் பாக்கி. கடைசிக் காடுன்னு சொல்லுவாங்க. மழை பேஞ்சா அங்க இந்த வண்டி ஒண்ணுதான் போவும்."

"போச்சுங்களா?"

"ரெண்டு தடவை கெளம்பினோம். ரெண்டு தடவையும் பள்ளத்துல எறங்கி, லீவரத் தள்ளுனேன், நின்னுருச்சி. ஆளுங்க வேலைய வுட்டுட்டு நாள் பூரா காத்திருந்தாங்களாம்."

தெய்வானை குறுக்கிட்டு மெதுவாக ஏதோ சொன்னாள். அக்கா அதைத் தமிழில் சொன்னாள்: "மூணாவது வாட்டியும் ஏமாத்துனா, நாலாவது வாட்டி நாம போயும் புண்ணியமில்ல, அவங்க லயத்து வீட்டவிட்டு வெளிய வர மாட்டாங்கங்கிறா. சனிக்கிழமை போறதா சொல்லியனுப்பியாச்சு."

அன்று செவ்வாய். நாலு நாள் தாராளம் என்றேன். தெய்வானைக்கு என் தமிழ் புரியவில்லை, குரல் புரிந்தது. தலையாட்டிவிட்டுப் போனாள்.

புதன்கிழமையை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அதை விட்டால் மீதிக் கதை நிற்காது.

மச்சான் காரில் வாடகைக்குப் போயிருந்தார். நான் பாட்டரியைத் திறந்தேன். முனைகளில் பச்சைப் பாசி பூத்திருந்தது. வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். கழுவும்போது ஒன்று கண்ணில் பட்டது: பாசிட்டிவ் முனையிலிருந்து வந்த கேபிள் வண்டியின் சட்டத்தில் முடுக்கியிருந்தது. நான் கைவைத்த ஜீப் எல்லாவற்றிலும் நெகட்டிவ்தான் சட்டத்துக்குப் போகும். விலாயத்துக் கார்கள் சிலவற்றில் மாறி இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஜீப் ஜாதியில் பார்த்ததில்லை. முன்னால் பார்த்த மூன்று பேரில் எவனோ ஒருவன் தலைகீழாகக் கட்டிவிட்டுப் போயிருக்கிறான், நோய் இதுதான் என்று முடிவு கட்டினேன். யாரையும் கேட்கவில்லை. இரண்டு கேபிளையும் இடம் மாற்றி முடுக்கினேன்.

செல்ஃப் நன்றாகவே சுற்றியது. எஞ்சினும் கிளம்பியது. கொஞ்சம் வேகம் கொடுத்ததும், டைனமோவுக்கும் பாட்டரிக்கும் நடுவே காவல் நிற்கிற கட்-அவுட் பெட்டியிலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். மெல்லிய நீலப் புகை. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்டரிக் கேபிளைப் பிடுங்கினேன். பெட்டியின் மூடியைத் தொட முடியவில்லை.

அப்போதுதான் தெய்வானை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று புகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்துத் தெளிவாகக் கேட்டாள்: "சுடா மாத்தி?"

சூடாகிவிட்டது, மாற்றிவிட்டாய் என்று தமிழிலேயே சொல்கிறாள் என்று நினைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தே கண்டுபிடித்துவிட்டாளே.

"ஆமாங்க," என்றேன். "நான்தான் மாத்திட்டேன்."

அவள் விழித்தாள். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அக்கா படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கண்ணு, அவ மலாய்ல கேக்குறா. செத்துப் போச்சான்னு கேக்குறாடா. எஞ்சின் நின்னா அப்படித்தான் சொல்லுவாங்க."

நான் சிரிக்கவில்லை. மாத்தி என்ற அந்த வார்த்தை மண்டையில் உட்கார்ந்துகொண்டது. பானெட்டுக்கு அடியில் முன்சுவரைத் துணியால் துடைத்தேன். பச்சைப் பெயின்ட்டுக்குக் கீழே ஒரு சின்னத் தகடு. பிளேடால் சுரண்டினேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத் தெரியும். பாசிட்டிவ் முனையைச் சட்டத்தில் சேர்க்கவும் என்று இருந்தது. வண்டி செய்தவன் சரியாகச் சொல்லியிருக்கிறான், முன்னால் பார்த்த மூன்று பேரும் சரியாக விட்டிருக்கிறார்கள், நான் ஒருவன்தான் மாற்றியவன்.

மச்சான் திரும்பி வந்து கருகிய பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. "மூணு பேரு பார்த்தாங்க மாப்ளே," என்றார் கடைசியில். "யாரும் பொகைய விடல."

அன்று ராத்திரி அக்கா வைத்த மீன் குழம்பு எப்படி இருந்தது என்று எனக்கு நினைவில்லை.

வியாழன் காலையில் கருகிய பெட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு பேச்சாவில் டவுனுக்குப் போனேன். பேச்சா என்பது இங்கத்து சைக்கிள் ரிக்‌ஷா. நம் ஊரில் ஓட்டுகிறவருக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போவோம். இங்கே பக்கத்தில் ஒட்டவைத்த தொட்டியில் உட்கார்ந்து சமமாகப் போகலாம். முகம் பார்த்துப் பேசலாம், பாஷை தெரிந்தால். பாலத்துப் பக்கம் செயின் கழன்றது. ஓட்டிய மலாய்ப் பெரியவர் இறங்கிப் பெருமூச்சு விட்டார். நான் இறங்கி, ஒரு குச்சியால் செயினை நெம்பிப் பல்லில் ஏற்றிக் கொடுத்தேன். அவர் என் முதுகில் தட்டினார். முந்தின நாளுக்குப் பிறகு அந்தத் தட்டு எனக்குத் தேவையாக இருந்தது.

பழைய சாமான் கடை ஒரு சீனருடையது. கூரை வரைக்கும் டைனமோவும் கியர்ப் பெட்டியுமாக அடுக்கிய இருட்டுக் குகை. எப்படிக் கேட்பது என்று தெரியாமல் காகிதத்தைப் பிரித்து நீட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பெட்டியை முகர்ந்து பார்த்து, நல்ல தமிழில் கேட்டார்.

"பாட்டரி மாத்திப் போட்டியா?"

பேசியது அவர்தானா என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

"இருவது வருஷம் தோட்டத்துக்குச் சாமான் வித்தேன் லா. தமிழ் வராம எப்படி? நீ எத்தனை வருஷமா இந்த வேலை?"

"பதினாலு வருசமுங்க."

"பரவால்ல. நான் ரெண்டு எரிச்சிருக்கேன்." உள்ளே போய் அதே மாதிரிப் பெட்டி ஒன்றைத் துடைத்து எடுத்து வந்தார். "பழைய சாமான்தான். ஆனா நல்லாருக்கு. இதையும் எரிச்சிட்டு வராதே."

பொட்டு வைத்த தெய்வானைக்குத் தமிழ் தெரியாது. இந்தச் சீனருக்குத் தெரியும். இந்த ஊரில் முகத்தைப் பார்த்துப் பாஷையை முடிவு செய்யக்கூடாது என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

திரும்பும் வழியில் ஜாலான் துக்காங் எமாஸில் பேச்சாவை நிறுத்தச் சொன்னேன். அந்தத் தெருவில் பிள்ளையார் கோயிலும் பள்ளிவாசலும் அக்கம்பக்கம். பிள்ளையாரிடம் நின்று ஒரு குட்டு அதிகமாகவே போட்டுக்கொண்டேன். அருகிலிருந்த ஒரு ராவுத்தர் கடையில் கோப்பி குடித்தேன். அடியில் கெட்டிப் பால், மேலே கறுப்பு. கலக்காமல் குடித்துவிட்டு முகம் சுளித்த என்னைப் பார்த்து அவரே கரண்டி கொண்டு வந்து கலக்கினார்.

"ஊருக்குப் புதுசா?"

"பொள்ளாச்சிங்க. ஒரு வண்டி ரிப்பேருக்கு வந்தேன்."

"வண்டிக்கா? அவ்வளவு தூரத்துலேருந்தா?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப பெரிய கெட்டிக்காரர்தான்."

நான் கோப்பியை ஒரே மடக்கில் முடித்தேன்.

மதியம் புதுப் பெட்டியைப் பூட்டினேன். பாட்டரியைத் தகடு சொன்னபடி கட்டினேன். தலைகீழ் கரண்ட்டில் குழம்பியிருந்த டைனமோவுக்குப் பழைய திசையை நினைவூட்ட, பாட்டரியிலிருந்து ஒரு வயரை அதன் முனையில் ஒரே ஒரு தடவை, பொறி பறக்கத் தொட்டு எடுத்தேன். எஞ்சின் ஓடியது. மீட்டர் முள் சார்ஜ் காட்டியது. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்திருந்தேன். சிவப்பு லீவர் அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் நிதானமாக உட்கார்ந்து யோசித்தேன். வண்டி தென்னைகளுக்கு நடுவே நிற்கும்போது லீவரை எத்தனை தடவை தள்ளினாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. தரையில் சும்மா ஓட்டினாலும் ஒன்றுமில்லை. அப்படியானால் லீவர் மட்டும் காரணமில்லை. பாரம் இழுக்கும்போதுதான் நிற்கிறது. சேற்றுக்குப் போய் மாட்டிக்கொண்டு தேடுவதைவிட, சேற்றை இங்கே கொண்டுவர முடியுமா என்று பார்த்தேன். பெரிய சங்கிலியை வண்டியின் பின்னால் மாட்டி, மறுமுனையைத் தடித்த தென்னையில் சுற்றினேன்.

"மரம் விழுந்தா கூரை போயிரும்," என்றார் மச்சான்.

"விழாதுங்க."

தெய்வானைக்கு அன்று அரை நாள்தான் வேலை. அவளை முன் சீட்டில் உட்கார வைத்தேன். மீட்டரைக் காட்டி, எஞ்சின் நிற்கிற அந்த நொடியில் முள் எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். அக்கா எனக்கு இரண்டு மலாய் வார்த்தை சொல்லிக் கொடுத்தாள்: கிரி என்றால் இடது, கானான் என்றால் வலது. முள் நடுவில் நின்றால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது. இடது கோடிக்கு விழுந்தால் எங்கோ வயர் இரும்பைத் தொடுகிறது. இந்த இரண்டுக்கும் தேடும் இடமே வேறு. நான் டெஸ்ட் லாம்பைக் காயிலுக்கு வரும் வயரில் மாட்டி, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நின்றேன். மச்சான் ஸ்டியரிங்கில்.

சிவப்பு லீவரைத் தள்ளினார். கிளட்சை விட்டார். சங்கிலி இறுகியது. தென்னையின் தலை ஆடியது. வண்டி முன்னால் போக முடியாமல் முக்கியது. எஞ்சின் தன் ரப்பர் இருக்கையில் ஒருக்களித்துச் சாய்வதை என் கண்ணால் பார்த்தேன். அடுத்த கணம் என் கையிலிருந்த பல்பு அணைந்தது. எஞ்சின் நின்றது.

"கிரி," என்றாள் தெய்வானை. விரலால் சடாரென்று இடப்பக்கம் விழுவதைக் காட்டினாள். "கிரி, கிரி."

கிளட்சை மிதித்ததும் எஞ்சின் நேராக உட்கார்ந்தது. பல்பு மறுபடி எரிந்தது. எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. பெட்ரோல் இல்லை, கியர் இல்லை. ஒரு வயர், லீவர் முன்னால் போகும்போது அதோடு நகர்ந்து, எஞ்சின் சாயும்போது இரும்பில் ஒட்டுகிறது. நின்றதும் விலகிவிடுகிறது. அதனால்தான் பார்த்த மூன்று பேருக்கும் எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கிறது.

ஆனால் காயில் வயர் லீவர் பக்கம் போக வேண்டிய வேலையே இல்லை. சாவிக்கும் காயிலுக்கும் இடையே ஒரு முழம் தூரம். அது ஏன் தரைக்கு இறங்க வேண்டும்?

"தரைத் தகட்டைக் கழட்டணுங்க மச்சான்."

மச்சான் தயங்கினார். "அங்க ஒண்ணும் இருக்காதே."

"இருக்குதுங்க."

"இருக்குதுதான்," என்றார். பிறகு தெருப்பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "சீட்டுக்கு அடியில ஒரு சுவிட்ச் வச்சிருக்கேன் மாப்ளே. திருடன் வந்தா சாவி போட்டாலும் ஓடாது. ஒருத்தருக்கும் தெரியாது. உன் அக்காவுக்கே தெரியாது."

"மெக்கானிக்குங்க மூணு பேருக்கும்?"

"அவங்களுக்கு எப்படிச் சொல்றது? அது ரகசியமில்லியா?"

அக்கா அவரைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதவில்லை.

தகட்டைக் கழற்றினேன். சாவியிலிருந்து கிளம்பிய வயர் தரைக்கு இறங்கி, லீவரின் அடிக்கட்டையைச் சுற்றிக்கொண்டு சீட்டுக்கடியில் போய், அதே வழியில் காயிலுக்குத் திரும்பியிருந்தது. அடிக்கட்டை உரசி உரசித் துணிச்சுற்று தேய்ந்து, ஒரு விரற்கடை நீளத்துக்குச் செம்பு பளபளத்தது. தெய்வானை குனிந்து பார்த்து அந்த இடத்தைத் தொடப் போனாள். தொடு, பாட்டரியைக் கழற்றியாகிவிட்டது என்று ஜாடை காட்டினேன். தொட்டுவிட்டு, "இவ்வளவு சின்னதா," என்கிற மாதிரி இரண்டு விரலைக் குவித்துக் காட்டினாள்.

புது வயர் போட்டேன். மச்சானின் ரகசியத்தை ரத்து செய்யவில்லை. சுவிட்சை மட்டும் லீவர் பக்கம் போகாத இடத்துக்கு மாற்றினேன். எங்கே என்று சொல்லமாட்டேன். வயர் முழுக்க சைக்கிள் டியூபை உறையாகப் போட்டுக் கட்டினேன். மறுபடி சங்கிலி, மறுபடி தென்னை. சக்கரம் மண்ணைத் தோண்டிக் குழி பறித்தது; எஞ்சின் நிற்கவில்லை. மச்சான்தான் மரத்தை நினைத்து நிறுத்தினார்.

சனிக்கிழமை விடியும்போதே மழை. நான்கு பேரும் ஏறினோம். மச்சான் ஓட்டினார், நான் பக்கத்தில். பின்னால் தெய்வானை, மனுத்தாள் நிறைந்த தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அவளோடு அக்கா. ஒவ்வொரு தோட்டத்துக்கும் அக்காதான் மொழிபெயர்ப்புக்குப் போகிறாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பொள்ளாச்சியில் தபால்காரரிடம் கையெழுத்துப் போடவும் என்னைக் கூப்பிட்டவள் அவள்.

பத்து பெரெண்டாம் விமானத் திடலைத் தாண்டி, குருபோங் பக்கமாகப் போய், தார் முடிந்தது. இரண்டு பக்கமும் வரிசை பிசகாத ரப்பர் மரங்கள். சாலை என்று சொன்ன செம்மண் குழம்பாக இருந்தது. அந்தப் பள்ளம் வந்ததும் மச்சான் வண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"தள்ளுங்க," என்றேன்.

தள்ளினார். வண்டி இறங்கியது, தண்ணீர் படி வரை வந்தது, நான்கு சக்கரமும் பிடித்தது, மறுபக்கம் ஏறியது. அவ்வளவுதான். பின்னால் தெய்வானை தகரப் பெட்டியின் மேல் இரண்டு தட்டுத் தட்டினாள்.

கடைசிக் காட்டில் லயத்துக்கு முன்னால் யாரும் இல்லை. சத்தம் கேட்டு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். "நெசமாவே வந்துட்டீங்களா," என்று ஒருவர் வண்டியைத் தொட்டுப் பார்த்தார். கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் மேசை போட்டார்கள். தெய்வானை மலாயில் கேட்க, அக்கா தமிழில் கேட்க, அவர்கள் சொல்ல, அக்கா திருப்பிச் சொல்ல, தெய்வானை எழுத, கட்டைவிரலில் மை. பிறந்த தேதி தெரியாதவர்களிடம் அக்கா சண்டை போடாத குறையாகத் துருவினாள். ஜப்பான்காரன் வந்தப்ப நீ கைப்பிள்ளையா, நடக்கிற பிள்ளையா? இந்த லயம் கட்டும்போது இருந்தியா? அப்படியே வயது வந்தது.

மத்தியானம் கருவாடும் சோறும் போட்டார்கள். மூன்று மணிக்குப் பெட்டியைப் பூட்டினாள் தெய்வானை. திரும்பும்போது மச்சான் சாவியை என்னிடம் நீட்டினார். "நீயே ஓட்டு மாப்ளே."

மழை வலுத்திருந்தது. பள்ளத்தில் இறங்கிப் பாதி ஏறியிருப்பேன். ஒரு ஆள் ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து ஓடிவந்து வண்டிக்கு முன்னால் நின்றுவிட்டார். முப்பது வயது இருக்கும். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"என் பேரு அய்யாக்கண்ணுங்க," என்றார் மூச்சிரைக்க. "அந்தப் பக்கத்து மலைக்காட்டுலதான் நான் பால் வெட்டுற நெரை. பால் மழையில கெட்டுப் போயிரும்னு வேலை வாங்குற மண்டோர் விடல. எம் பொண்டாட்டி எழுதிட்டா. அவ பேரு இருந்து எம் பேரு இல்லாட்டி எப்படிங்க?"

அக்கா சொல்லும் முன்பே தெய்வானைக்குப் புரிந்துவிட்டது. இறங்கி, சேற்றில் கால் புதைய நடந்து முன்னால் வந்தாள். தட்டையான மட்கார்டின் மேல் தகரப் பெட்டியை வைத்து அதன் மேல் தாளை விரித்தாள். அக்கா குடை பிடித்தாள். பேனா இரண்டு எழுத்து எழுதியது; எஞ்சின் அதிர்வில் மூன்றாவது எழுத்து கோணிக்கொண்டு போனது. தெய்வானை நிமிர்ந்து ஏதோ சொன்னாள்.

"எழுத்து ஆடுதாம்," என்றாள் அக்கா. "எஞ்சினை நிறுத்தச் சொல்றா."

"இங்கயா?" மச்சான் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஏத்தத்துல, இந்தச் சேத்துலயா? இங்க வண்டி நின்னுபோயி ராத்திரி முழுக்கக் கெடந்திருக்கோம் மாப்ளே. வேணாம்."

நான் கை பிரேக்கை இழுத்தேன். சாவியைத் திருப்பினேன்.

எஞ்சின் அடங்கியதும் காடு முழுக்க மழைச் சத்தம் மட்டும். அதற்குள் அந்த ஆளின் குரல் தெளிவாகக் கேட்டது. அப்பா பேர் கேட்டார்கள், சொன்னார். அம்மா பேர் கேட்டார்கள், அதையும் சொன்னார். எங்கே பிறந்தாய் என்று அக்கா கேட்டபோது, இதென்ன கேள்வி என்பதுபோல் பின்னால் திரும்பி லயம் இருந்த திசையைக் காட்டினார்.

"இங்கதாங்க."

தெய்வானை எழுதினாள். கட்டைவிரலைப் பிடித்து மையில் உருட்டித் தாளில் பதித்தாள். ஊதினாள். தாள் பெட்டிக்குள் போனது. எல்லோரும் ஏறினார்கள். மச்சானின் கை இன்னும் அந்தக் கம்பியில்தான் இருந்தது.

பொத்தானை அமுக்கினேன். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அய்யாக்கண்ணு ஓரமாக விலகி, மை காயாத கட்டைவிரலை மழை படாமல் மற்றக் கைக்குள் பொத்திக்கொண்டு நின்றார். வண்டி மேட்டில் ஏறியது.